வரத்துக்கால் தூர்ந்த ஏரியில் மண் எடுத்து என்ன பயன்? ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் ஏரிகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் நீர்வளத்துறைப் பொறியாளர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலர்கள், வருவாய்த்துறையினர், இவர்கள் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம் உள்ள மாவட்ட ஆட்சியர்கள்.

அனுப்புநர்: ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் பயிர் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள்.

இந்தக் கோடைக்கான ஏரி வேலைப் பட்டியலைப் படித்தோம். ஏரிக்கு ஏரி ஒரே வரிதான்: உட்புறம் ஆழப்படுத்துதல், கரையைப் பலப்படுத்துதல். சில ஏரிகளுக்கு மதகுக்கு வர்ணம் பூசும் செலவுகூட இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் என்ற சொல்லை மட்டும் தேடித் தேடிப் பார்த்தும் காணவில்லை. இந்தப் பட்டியலை இப்படியே ஏற்க எங்களால் முடியாது. ஏன் என்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

ஒரு கோடி கனஅடி கொள்ளும் நடுத்தர ஏரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5,000 கனமீட்டர் மண் எடுக்கிறீர்கள். டிராக்டருக்கு 3 கனமீட்டர் என்றால் ஏறக்குறைய 1,670 நடை. ஊரே புழுதியாகும், போட்டோவிலும் வேலை நடந்தது நன்றாகத் தெரியும். அதனால் ஏரிக்குக் கூடுதலாகக் கிடைத்த கொள்ளளவு 1.77 லட்சம் கனஅடி, அதாவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதே ஏரியின் வரத்துக்கால் விநாடிக்கு 20 கனஅடி கொண்டுவரும் நிலையில் இருந்தால், ஒரே நாளில் 17.28 லட்சம் கனஅடி வந்து சேரும். நீங்கள் ஒரு கோடை முழுக்க வெட்டிய பள்ளத்தை அந்தக் கால்வாய் இரண்டரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். கால்வாய் தூர்ந்து கிடந்தால்? அந்தப் பள்ளம் மேல்விழும் மழைக்காகக் காத்துக் கிடக்கும்.

இது பொறியாளர்களுக்குத் தெரியாத கணக்கு அல்ல. பிறகு ஏன் எப்போதும் ஏரியின் வயிற்றிலேயே வேலை நடக்கிறது? வயிற்றில் தகராறு இல்லை. பொக்லைன் இறங்கும், கனமீட்டர் கணக்கில் பில் எழுதலாம், மார்ச் மாதத்துக்குள் பணம் செலவாகிவிடும். கால்வாயில் இறங்கினாலோ அங்கே ஆள் இருக்கிறார். ஒருவர் கழனியோடு சேர்த்து உழுதிருப்பார், இன்னொருவர் சுவர் எழுப்பியிருப்பார், மூன்றாமவர் மனைப்பிரிவுக்குப் பாதை போட்டிருப்பார். நான்கு கிலோமீட்டர் கால்வாய்க்கு, ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பில் வனத்துறை, நடுவில் நெடுஞ்சாலைத்துறை, ஊரோரம் பேரூராட்சி, எல்லைக்கல்லுக்கு வருவாய்த்துறை என்று நான்கு கதவைத் தட்ட வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத்துறைக்கு, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று ஏரியைப் பிரித்துவிட்டீர்கள். மேல் ஏரி ஒருவரிடம், அதன் கலங்கலில் (நிரம்பி வழியும் இடத்தில்) வரும் தண்ணீரை நம்பிய கீழ் ஏரி இன்னொருவரிடம், இரண்டுக்கும் நடுவில் ஓடும் கால்வாய் யாரிடமும் இல்லை.

நம் வட ஆற்காட்டு ஏரிகள் எதுவும் தன் மேல் விழும் மழையை மட்டும் நம்பி வெட்டப்பட்டவை அல்ல. ஜவ்வாது மலையடிவாரத்தில் கானாற்றை (மழைக்கு மட்டும் ஓடும் காட்டாற்றை) மறித்துத் திருப்பிய கால்கள், குடியாத்தம் பக்கம் கௌண்டன்யா ஆற்றுக் கால்வாய்கள், வாலாஜா அருகே 1858-இல் கட்டப்பட்ட பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி, சக்கரமல்லூர், தூசி என்று பிரியும் நான்கு பெருங்கால்வாய்கள், அவற்றின் கீழே சங்கிலி சங்கிலியாகத் தொங்கும் ஏரிகள். பல்லவன் மகேந்திரவர்மன் பெயரில் வெட்டிய ஏரி இன்னும் மகேந்திரவாடியில் இருக்கிறது என்றால், ஆயிரத்து நானூறு வருஷமாக யாராவது அதற்குத் தண்ணீர் வரும் வழியைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று பொருள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியது. அந்த வாரத்திலும் கலங்கல் நனையாத ஏரிகள் எங்கள் பக்கத்தில் இருந்தன. பாலத்தின் மேல் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்த சனம் வீட்டுக்குத் திரும்பி போர்வெல் மோட்டாரைப் போட்டது.

ஒரு கால்வாய் எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பீடு தயாரிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

அடியில் 5 அடி அகலம், இரு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று சரிவு, 1,500 அடிக்கு 1 அடி வாட்டம் (நீளவாக்கில் சரிவு). இப்படி ஒரு மண்கால்வாயில் 2 அடி ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால் விநாடிக்குச் சுமார் 20 கனஅடி வரும். அதன் அடியில் ஒரு அடி வண்டல் படிந்தாலே வரத்து 9 கனஅடியாக இறங்கிவிடும். ஆழம் பாதியானால் தண்ணீரும் பாதி என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் வேகமும் குறைகிறது. வண்டலே இல்லாமல் கோரையும் சீமைக்கருவேலமும் மட்டும் மண்டிக் கிடந்தால்கூட வரத்து மூன்றில் ஒரு பங்குக்குக் குறையலாம். கானாறு என்பது வருஷத்துக்கு நாலைந்து நாள் ஓடுகிற ஆறு. நாலு நாளில் 20 கனஅடிக் கால்வாய் ஏறக்குறைய 69 லட்சம் கனஅடி கொண்டுவரும், 9 கனஅடிக் கால்வாய் 31 லட்சம்தான் கொண்டுவரும். ஒரு ஏரிக்கு நவரைப் பட்டம் (மார்கழி, தை நெல் சாகுபடி) உண்டா இல்லையா என்பதே இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

அடுத்தது குழாய். கால்வாயைத் தாண்டிப் பாதை போடும்போது 600 மில்லிமீட்டர் சிமென்ட் குழாய் ஒன்றைப் போட்டு மண்ணால் மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. மேலே சொன்ன வாட்டத்தில் அந்தக் குழாய் முழுக்க நிரம்பி ஓடினாலும் விநாடிக்கு 6 கனஅடியைத் தாண்டாது. 20 கனஅடிக் கால்வாயில் 6 கனஅடிக் குழாய்! மீதித் தண்ணீர் பின்னால் எம்பிக் கரையை உடைத்துக்கொண்டு பக்கத்துக் கொல்லையில் பாயும். மல்லாட்டை (நிலக்கடலை) அழுகிப் போனவர் அடுத்த வருஷம் தலைப்பிலேயே மண் போட்டு அடைத்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, குழாய் போட்டவரைக் கேட்க வேண்டும். அளவைவிட மோசமானது மட்டம். நான்கு கிலோமீட்டர் கால்வாய்க்கு மொத்த வாட்டமே 2.7 மீட்டர்தான். ஒரு குழாயை ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர், தூக்கி வைத்துவிட்டால் அதன் பின்னால் 450 மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். தேங்கிய இடத்தில் வண்டல் படியும். அந்த 450 மீட்டரை ஊரக வேலைத் திட்டத்தில் வருஷா வருஷம் பெண்கள் தூர்வாருகிறார்கள், வருஷா வருஷம் அதே வண்டல் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. குழாயை இறக்கி வைக்காமல் தூர்வாரினால் அது கூலி கொடுக்கும் வேலையாக இருக்கலாம், தண்ணீர் கொண்டுவரும் வேலை ஆகாது.

மூன்றாவது, தலைப்பு. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப் படுகை இறங்கிப்போன இடங்களில் கால்வாயின் வாய் அந்தரத்தில் தொங்குகிறது. முன்பு முழங்கால் தண்ணீர் வந்தாலே ஏறிய கால்வாய்க்கு இன்று கழுத்தளவு வெள்ளம் வேண்டும். இதற்கு மருந்தாகக் கால்வாயைத் தோண்டிக்கொண்டே போகிறார்கள். தலைப்பில் மூன்றடி தோண்டினால் ஏரி முனை வரை மூன்றடி தோண்ட வேண்டும், கடைசியில் கால்வாய் ஏரியின் நீர்மட்டத்துக்குக் கீழே போய் நிற்கும். ஆற்றின் வாட்டம் கால்வாயின் வாட்டத்தைவிட அதிகம் என்பதால், வாயை ஆற்றில் மேலே தள்ளி வெட்டினால் போன மட்டம் திரும்பக் கிடைக்கும். அதற்கு நிலம் இல்லை என்றால், தலைப்புக்குச் சற்றுக் கீழே ஆற்றின் குறுக்கே தாழ்வான படுகை அணை கட்டிப் படுகையை மீண்டும் உயர்த்தலாம். எது சரி என்பதை லெவல் (மட்ட அளவு) எடுத்துப் பார்க்காமல் எங்களாலும் சொல்ல முடியாது, உங்களாலும் சொல்ல முடியாது.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏலம் எடுத்தவர் விறகை வெட்டிக்கொண்டு போகிறார், வேருக்கு விலை இல்லாததால் விட்டுவிடுகிறார். ஒரு மழைக்குப் பிறகு ஒரு கட்டை நாலு கிளையாகத் துளிர்க்கிறது. ஏல நிபந்தனையில் 'வேரோடு அகற்ற வேண்டும்' என்று எழுதித்தான் இருக்கிறது. பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் வருவதில்லை.

இனி ஆவணம். ஆக்கிரமிப்பை எடுங்கள் என்று கேட்டால், 'கால்வாய் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்' என்று எங்களையே கேட்கிறார்கள். ஏ ரிஜிஸ்டரில் (கிராம நிலப் பதிவேட்டில்) வாய்க்கால் புறம்போக்கு என்று தனிப் புல எண் இருக்கும் நீளத்தில் சிக்கல் இல்லை, எஃப்.எம்.பி. என்ற புல வரைபடத்தில் அகலம் மீட்டரில் இருக்கிறது, சங்கிலி பிடித்தால் தெரிந்துவிடும். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவை மேம்படுத்தும்) வேலையில் பட்டா எண்ணுக்குள் கரைந்துபோன துண்டுகள்தான் சிக்கல். அவற்றைப் பழைய செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) ஆவணத்தோடு ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும். அந்த ஆவணம் உங்கள் அலமாரியில் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை. ஏரி ஆக்கிரமிப்புக்கு என்று 2007-இல் தனிச் சட்டம் வந்தது. அது பொதுப்பணித்துறைப் பொறுப்பில் இருந்த ஏரிகளுக்குத்தான். ஒன்றியத்து ஏரிகளுக்கு 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே இன்னும் கதி. இரண்டு சட்டத்திலும் முதல் படி அளந்து எல்லை காட்டுவது. அந்த முதல் படியிலேயே கோப்பு நிற்கிறது. வீடில்லாத ஏழை ஒருவர் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தால் அவருக்கு மாற்று இடம் கொடுத்துவிட்டு எடுங்கள். அகலமான கால்வாயைப் பாதியாகக் குறுக்கிக் காம்பவுண்டு கட்டியவருக்கு அந்தச் சலுகை தேவையில்லை. இதுவரை எங்கள் பக்கத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு.

மண்ணே எடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வண்டல் எங்கள் நிலத்துக்கு எரு. 2024-இல் விதியைத் திருத்தி, வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி தரலாம் என்று அரசு சொன்னது நல்ல முடிவு: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர், மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60 கனமீட்டர். ஒரு ஏக்கரில் 75 கனமீட்டரைப் பரப்பினால் முக்கால் அங்குலம் வரும், மணற்பாங்கான கொல்லைக்கு அது தெம்பு. ஆனால் வண்டல் என்பது மேலே கிடக்கும் இரண்டு மூன்று அடிதான். அதன் கீழே நீர் வடியும் சவுடு மண்ணும் சரளையும் வந்த பிறகும் இயந்திரம் நிற்கவில்லை என்றால், அந்த லாரி கழனிக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அடிக் களிமண்ணைச் சுரண்டிச் சவுட்டைத் திறந்துவிட்ட ஏரியில் தண்ணீர் மார்கழிக்கு முன்பே இறங்கிவிடுகிறது. கிணற்றுக்கு நல்லதுதானே என்று சமாதானம் சொல்கிறார்கள், மதகுப் பாசனக்காரனுக்கு அது சமாதானம் ஆகாது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மாட்டுக்கும் ஊற்றுக்கும் உதவும், கழனிக்கு வராது. கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்டினால் கரை வழுக்கும்; குறைந்தது 10 மீட்டர் தள்ளியே இறங்க வேண்டும். செங்குத்தாக வெட்டி விட்டுப்போன குழிகளில் மழைக்குப் பிறகு குளிக்க இறங்கும் பிள்ளைகள் முழுகிப் போகிறார்கள். ஓரத்தைச் சரிவாக வெட்டுவதற்கு இயந்திரம் கூடுதலாகச் சில மணி நேரம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்கு முன் லெவல், வேலைக்குப் பின் லெவல் என்று எம்.புக்கில் (வேலை அளவுப் புத்தகத்தில்) இரண்டு பதிவு இருக்க வேண்டும். முதல் பதிவு எடுக்கும் நாளில் ஆயக்கட்டுக்காரர் ஒருவரும் அங்கே இல்லை என்றால், இரண்டாவது பதிவுக்கு மதிப்பில்லை. முதல் மழை பெய்த பிறகு எந்தப் பள்ளம் இந்த வருஷத்தது, எது போன வருஷத்தது என்று யாருக்குத் தெரியும்? 2017-இல் குடிமராமத்தை (ஊராரே ஏரியைப் பராமரிக்கும் முறையை) திரும்பக் கொண்டுவந்தபோது, ஆயக்கட்டுக்காரர்கள் 10 சதவீதத்தை உழைப்பாகவோ பொருளாகவோ தர வேண்டும், வேலை அவர்கள் சங்கத்தின் பெயரில் நடக்கும் என்றார்கள். எங்களுக்கு அதில் மறுப்பே இல்லை. ஆடிக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கால்வாய்க்குப் போனதும், தண்ணீர் திறந்து பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் களத்திலேயே நெல் அளந்ததும் இந்த ஊர் வழக்கம்தான். பல ஊர்களில் சங்கம் கையெழுத்துக்கு மட்டும் பயன்பட்டது, வேலையைக் கான்ட்ராக்டர் செய்தார். 10 சதவீதம் தாளில் வந்தது, தாளிலேயே போனது.

காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவம் மட்டும் அல்ல, தென்மேற்கும் மழை தரும். ஜூலை, ஆகஸ்டிலேயே கானாறு ஒருமுறை வந்து போய்விடும். ஜூலையில் டெண்டர் திறந்து செப்டம்பரில் வேலை உத்தரவு கொடுத்தால், ஈரத்தில் இறங்கிய பொக்லைன் கரையைக் கலக்கிவிட்டுப் போவதுதான் மிச்சம்.

ஆகவே நாங்கள் கேட்பவை.

இந்தக் கோடைப் பட்டியலில் உள்ள ஏரிகளில் ஆழப்படுத்தும் வேலையை நிறுத்தி வையுங்கள். முதலில் ஒவ்வொரு ஏரியின் வரத்துக்காலையும் தலைப்பிலிருந்து ஏரி முனை வரை ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி போதும், நான்கு கிலோமீட்டருக்கு 134 புள்ளிகள், ஒரு சர்வேயரும் இரண்டு உதவியாளர்களும் இருந்தால் இரண்டு மூன்று நாள் வேலை. நீர்க்கட்டியையும் ஆயக்கட்டுக்காரர் இருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் தண்ணீர் நின்று யோசிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அளவுகளை ஒரே தாளில் நீள்வெட்டுப் படமாக வரைந்து, குழாய்களின் அளவும் மட்டமும் ஆக்கிரமிப்புகளும் குறித்து, மே 1 கிராம சபையில் வையுங்கள், ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள்.

பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: தலைப்பு, குறுக்குப் பாதைக் குழாய்கள், கருவேல வேர், வண்டல், கலங்கல், மதகு. ஏரியின் உட்புறம் கடைசியில் வரட்டும். 20 கனஅடிக் கால்வாயில் 600 மில்லிமீட்டர் குழாய் இருக்கும் இடமெல்லாம் கால்வாயின் அடிமட்டத்திலேயே உட்காரும் பெட்டிப் பாலம் கட்ட வேண்டும். பாதை எந்தத் துறையுடையதோ அந்தத் துறையே செலவை ஏற்க வேண்டும். இனிமேல் நீர்வளத்துறை அல்லது ஒன்றியப் பொறியாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தக் கால்வாய்க்குக் குறுக்கேயும் குழாய் பதிக்க அனுமதிக்காதீர்கள்.

ஒவ்வொரு வரத்துக்காலுக்கும் தலை முதல் வால் வரை பொறுப்பான ஒரே ஒரு அதிகாரியை ஆட்சியர் ஆணையால் நியமியுங்கள். மேல் ஏரி யாருடையது, கீழ் ஏரி யாருடையது என்ற கேள்வி அவருக்கு இருக்கக் கூடாது. யு.டி.ஆருக்கு முந்தைய ஆவணத்தோடு ஒப்பிட்டு எல்லைக்கல் நடும் வேலையை ஜூன் மாதத்துக்குள் முடித்து, அளவுகளின் நகலை ஊராட்சிக்குக் கொடுங்கள்.

வேலை முடிந்ததற்கான கடைசிப் பில்லில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். முதல் தண்ணீர் தலைப்பில் ஏறி ஏரி முனையை எட்டியது என்று பொறியாளரும் ஆயக்கட்டுக்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகு அதைக் கொடுங்கள். மதகில் அளவுகோல் எழுதி, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை ஊராட்சிப் பலகையில் எழுதும் பொறுப்பை நீர்க்கட்டிக்குக் கொடுத்து, அதற்கு மாதக் கூலியும் கொடுங்கள்.

வண்டல் எடுக்கக்கூடிய ஏரிகளின் பட்டியலில் ஒன்றியத்துச் சிற்றேரிகளையும் சேருங்கள். எத்தனை அடி வரை எடுக்கலாம், மதகின் அடிமட்டம் எது என்பதைக் காட்டும் கல்லை ஏரிக்குள் நட்ட பிறகே முதல் டிராக்டரை இறக்குங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று ஏரிவாரியாக, எழுத்தில், மே 1 கிராம சபைக்கு முன்பு பதில் வேண்டும். அந்தச் சபையில் உங்கள் தரப்பில் பதில் சொல்ல ஒரு பொறியாளர் வந்து உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
ஆயக்கட்டுக்காரர்கள்